வலி இல்லாத நாளில் தொடங்குங்கள்: பதின்ம வயதினரின் மைக்ரேனுக்கு ஆன்லைன் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி

முதலில் மருத்துவர் பார்த்து, பிள்ளைக்கு வரும் தலைவலி மைக்ரேன்தான் (ஒற்றைத் தலைவலி) என்று உறுதி செய்திருக்க வேண்டும். திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலையில் எழுந்ததும் வாந்தி இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்த நொடியில் உடலிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று எடை போடாமல் கவனிக்கும் பயிற்சி. இதன் வகுப்பு வாரம் ஒருமுறை வீடியோவில் நடக்கும். ஆனால் பலன் தருவது வீட்டில் தினமும் செய்யும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். திரை வெளிச்சமே சிலருக்கு வலியைக் கூட்டும். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, முகம் காட்டி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேட்கலாம். வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவை முன்பே இறக்கி வையுங்கள், அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு தானாகப் போய் வருவதைக் கவனிக்க வேண்டும். இழுத்து இழுத்து மூச்சு விட்டால் தலைசுற்றும். பலர் தவறுவது இங்கேதான். பிறகு நெற்றி, தாடை, கழுத்து, தோள் என்று கவனத்தை நகர்த்தி, எங்கே இறுகியிருக்கிறது என்று பார்த்தால் போதும், தளர்த்தப் போராட வேண்டாம். மனம் நூறு முறை ஓடினாலும் அது தோல்வியல்ல. திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

வலி வந்த பிறகு முதன்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது. வலியில்லாத நாட்களில் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். வலி தொடங்கினால் மருத்துவர் சொன்ன மாத்திரையைத் தாமதிக்காமல் போட்டுக்கொண்டு, இருட்டறையில் படுத்து, கவனத்தை உள்ளங்காலில் வையுங்கள். குமட்டும்போது மூச்சைக் கவனிப்பது சிலருக்கு இன்னும் சிரமமாகும்.

பயிற்சி தொடங்கும் முன் நான்கு வாரமாவது தலைவலி நாட்குறிப்பு எழுதுங்கள்: தேதி, எத்தனை மணி நேரம், 10க்கு எவ்வளவு வலி, எந்த மாத்திரை. மாதம் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே தரும் மருந்து வகை) என்றால் 10 நாளே அதிகம். அந்த அளவு தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அப்போது மருத்துவரிடம் பேசித்தான் குறைக்க வேண்டும்.

பெற்றோரே, "இன்றைக்குக் குறைந்ததா?" என்று தினமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே பிள்ளையின் கவனத்தை வலிமீது கட்டிப்போடும். எட்டு வாரம் விட்டு நாட்குறிப்பைச் சேர்ந்து பாருங்கள். வலி நாட்கள் மாறாமல், பள்ளி தவறிய நாட்கள் மட்டும் குறைந்திருந்தாலும் அதுவும் முன்னேற்றமே.