காதைக் குத்திய ஆம்ப்: ஸ்பீக்கரை மாற்றிய என் அனுபவம்

என் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் 15 வாட் வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பில் மேல் ஸ்வரங்கள் காதைக் குத்தின. ட்ரெபிளை (உச்ச ஒலிகளின் அளவை) குறைத்தால் ஒலியே மங்கிவிடும். வால்வுகளை மாற்றியும் பயனில்லை. ஒருநாள் நண்பரின் கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) இணைத்து வாசித்தேன். அதே ஆம்ப், அதே கிட்டார், ஆனால் குத்தல் இல்லை. அப்புறம்தான் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வந்தது.

பின்பலகையைக் கழற்றி, காந்தத்தின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்தேன்: 12 அங்குலம், 8 ஓம். வால்வ் ஆம்ப்பில் ஸ்பீக்கரின் ஓம் (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) ஆம்ப்புடன் பொருந்தியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஆம்ப்பைவிடத் தாராளமாக இருக்கட்டும், ஏனென்றால் ஓவர்டிரைவில் (ஒலி கரகரக்கும் அளவுக்குக் கூட்டினால்) 15 வாட் ஆம்ப் அதையும் தாண்டும். பலர் பார்க்காமல் விடுவது டெசிபல் அளவை, அதாவது அதே வாட்டில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை. 3 டெசிபல் குறைந்தாலே ஆம்ப்பின் வாட்டைப் பாதியாக்கியது போலத்தான்.

8 ஓம், 25 வாட் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் வாங்கினேன். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் ஒலி சற்று விறைப்பாக இருந்தது. சில வாரம் வாசித்ததும் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு இளகியது. இப்போது முதல் கம்பியை 12ஆம் ஃப்ரெட்டில் வளைத்தால் ஒலி உருண்டு வருகிறது. ட்ரெபிளை மறுபடி பாதிவரை திறந்து வைத்திருக்கிறேன்.