பொம்பிளைப் பிள்ளைக்குப் பேர் வைக்கேக்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லையோ? நாங்கள் செய்ததைச் சொல்லுறன்

எங்கட மூத்தவள் பிறக்க ரெண்டு கிழமைக்கு முன்னமே எனக்கும் இவருக்கும் பேர்ச் சண்டை தொடங்கிட்டு. இவருக்குத் தமிழ்ப் பேர் தான் வேணும், கயல்விழி, யாழிசை, நன்முல்லை எண்டு ஒரு கொப்பி நிறைய எழுதி வைச்சிருந்தவர், எனக்கெண்டா ஷா, ஷிகா எண்டு முடியிற சின்னப் பேர் தான் விருப்பம், இதுக்குள்ள மாமிக்கு தன்ர அம்மாவின்ர பேர் எங்கையாவது ஒரு மூலையில வரோணும். மூண்டு பேரும் பிடிச்ச பிடியில நிண்டதில பிள்ளை பிறந்து மூண்டு கிழமையா "குஞ்சு" எண்டு தான் கூப்பிட்டம். ரெண்டாவதுக்கு அந்தப் பிரச்சினையே வரேல்ல, முதல் தரம் எங்க பிழைச்சது எண்டு விளங்கினபடியா. தங்கச்சிமார், மச்சாள்மார் எண்டு இப்ப நிறையப் பேர் கேக்கினம், அதால எழுதுறன்.

முதல்ல நாளைப் பாருங்கோ. இலங்கையில பிறப்புப் பதிய 42 நாள், 31ம் நாள் துடக்குக் கழிவு, அண்டைக்கு வாற சனம் முழுக்க "என்ன பேர்?" எண்டு தான் கேக்கும். அப்ப 25ம் நாளுக்குள்ள உங்கள் ரெண்டு பேருக்குள்ளையும் முடிவு வந்திடவேணும். பிள்ளை பிறந்தாப் பிறகு யோசிப்பம் எண்டு விட்டா, நித்திரை இல்லாத நேரத்தில பேர் கதைச்சா அது பேரைப் பற்றின கதையா இருக்காது. ஏழாம் மாசத்திலயே தொடங்குங்கோ.

அடுத்தது நட்சத்திர எழுத்து. ரெண்டு வீட்டிலயும் பாக்கிறேல்லை எண்டா இதை விட்டிட்டு கீழ போங்கோ. எங்கட பிள்ளை ஆயிலியம், அதுக்கு வாற எழுத்து டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல்லு டகரத்தில தொடங்காது, தொல்காப்பியம் சொல்லுற முதல் எழுத்துகளில அது இல்லை, அப்ப இவற்ற கொப்பியில இருந்த ஒரு பேரும் சரிவராது. ராசிக்குப் பாப்பம் எண்டா கடகம் முழுக்க ஹகரமும் டகரமும் தான். எங்கட பக்கம் இவ்வளவு டிலக்ஷியும் டினுஷாவும் இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு தான் நான் நினைக்கிறன். கார்த்திகை எண்டா அ, இ, உ, எ, மகம் எண்டா ம, மி, மு, மே, அனுஷம் எண்டா ந, நி, நு, நே, இப்பிடி வந்தவைக்கு தமிழ்ப் பேரும் எடுக்கலாம் மற்றதும் எடுக்கலாம், கரைச்சல் இல்லை. எங்களுக்குச் சாத்திரியார் ஒரு வழி சொன்னவர், சாதகத்தில எழுத்துக்கு ஏத்த பேர் ஒண்டைப் போட்டு காதில முதல் அதைச் சொல்லுங்கோ, பதியிறதுக்கும் கூப்பிடுறதுக்கும் விரும்பின பேரை வையுங்கோ எண்டு. மாமியும் அதுக்கு ஓம் எண்டிட்டா. இன்னொண்டு, நட்சத்திரம் மாறுற நேரத்தில பிள்ளை பிறந்திருந்தா வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வித்தியாசம் வரும், உங்கட வீட்டில எந்தப் பஞ்சாங்கம் எண்டதை முதலே கதைச்சு வையுங்கோ, ரெண்டு பக்கமும் வேற வேற எழுத்தோட வந்து நிண்டா அது தனிச் சண்டை.

இனித் தான் முக்கியமான விசயம். நாங்கள் ஒரு மாசமா பேரை பேரோட மோத விட்டுக்கொண்டிருந்தம். நான் ஒண்டு சொல்ல இவர் முகத்தைச் சுழிப்பார், இவர் ஒண்டு சொல்ல நான் "அது கிழவியின்ர பேர்" எண்டுவன். ஒருநாள் இரவு இவர் கேட்டார், "இஞ்சேரும், உமக்கு ஏன் அந்தப் பேரில இவ்வளவு விருப்பம், அதைச் சொல்லும் பாப்பம்" எண்டு. அப்ப தான் நான் சொன்னன், என்ர பேர் ஈஸ்வரியில முடியிற நீளப் பேர், பள்ளிக்கூடத்தில ஒருநாளும் ஒருத்தரும் முழுசாக் கூப்பிடேல்ல, ஒவ்வொரு ரீச்சரும் தங்களுக்கு ஏத்த மாதிரி வெட்டினவை, என்ர பிள்ளையின்ர பேரை ஒருத்தரும் வெட்டக்கூடாது, அவ்வளவு தான். ஷா, ஷிகாவில எனக்குப் பெரிய ஆசை ஒண்டும் இருக்கேல்லை எண்டது எனக்கே அப்ப தான் விளங்கினது. இவர் சொன்னார் தான் கொழும்பில வேலை செய்யேக்க ஆர் எந்த ஊர் எண்டு பேரில தெரியாமல் போறது தனக்கு ஒரு மாதிரி இருந்தது, பிள்ளையின்ர பேரைக் கேட்டவுடன தமிழ்ப் பிள்ளை எண்டு தெரியவேணும் எண்டு. மாமிக்கு தன்ர அம்மாவை ஆரும் மறக்கக்கூடாது. இந்த மூண்டும் ஒண்டோட ஒண்டு மோதேல்லையே! அண்டைக்கு இரவே சண்டை பாதி முடிஞ்சுது.

அதால நீங்களும் ஒரு பேர் பிடிக்கேல்லை எண்டா உடன வேற பேர் சொல்லாதேங்கோ, ஏன் அந்தப் பேர் எண்டு கேளுங்கோ. காரணத்தை ஒரு தாளில எழுதுங்கோ, பேரை எழுதாதேங்கோ. "சின்னது", "தமிழ்", "அம்மம்மா ஞாபகம்", "நயினாதீவு நாகபூஷணி அம்மாளுக்கு நேத்தி", இப்பிடி. பிறகு அதெல்லாம் சேருற பேரைத் தேடுங்கோ.

எப்பிடித் தேடுறது? பழைய பேரின்ர கருத்தைப் பிடியுங்கோ. அம்மம்மா மீனாட்சி எண்டா கயல்விழி அதே கருத்து தான், கயல் எண்டு சுருக்கியும் வைக்கலாம். சரோஜினி, நளினி, கமலா எல்லாம் தாமரை. சந்திரவதி எண்டா மதி, நிலா. தங்கம்மா எண்டா பொன்னி. மாமியின்ர அம்மாவின்ர பேரில முத்து இருந்தது, அப்ப முத்துக்கு வேற சொல்லு தேடினம், நித்திலம், தரளம் எண்டு வந்தது, நித்திலா, தரளா எண்டு சொல்லிப் பாக்க எனக்குச் சின்னதா இருந்தது, இவருக்குத் தமிழ் நூலில வாற சொல்லா இருந்தது, மாமிக்குக் கருத்தைச் சொன்னவுடன கண் கலங்கிட்டுது. கடைசியில எதை வைச்சம் எண்டு இஞ்ச போடேல்ல, அது அவளின்ர பேர், பெரிசாகி அவளே சொல்லட்டும்.

கதையில இருந்தும் எடுக்கலாம், மணிமேகலையின்ர பாத்திரத்தில முதல் பிச்சை போட்டவ ஆதிரை, அந்தப் பேர் சின்னது, பழசு, இண்டைக்கும் புதுசா இருக்கு. அப்பருக்கு அக்கா திலகவதி, காரைக்கால் அம்மையாரின்ர சொந்தப் பேர் புனிதவதி, இது ரெண்டும் எங்கட அம்மாமாரின்ர காலத்துப் பேர், திரும்ப வந்தா எனக்குச் சந்தோசம். மாவிட்டபுரம் கோயில் ஐதீகத்தில வாற இளவரசி மாருதப்புரவீகவல்லியை எங்கட பக்கம் எல்லாருக்கும் தெரியும், ஆனா அவ்வளவு நீளம் ஒரு பிள்ளைக்குப் பாவம். நேத்தி வைச்ச பேர் இருந்தா, நாகபூஷணி எண்டு வையுங்கோ, அதை விடச் சொல்லி ஒருத்தரையும் நெருக்காதேங்கோ, அது மனசோட சம்பந்தப்பட்ட விசயம், பதியேக்க ரெண்டாவது பேராச் சேருங்கோ. வேதக்காரரும் (கிறிஸ்தவர்) சைவமும் கட்டின வீட்டிலயும் இப்பிடித் தான், ஞானஸ்நானப் பேர் ஒண்டு, கூப்பிடுற பேர் ஒண்டு.

மூண்டு நாலு பேர் மிஞ்சினாப் பிறகு சத்தமாக் கூப்பிட்டுப் பாருங்கோ. குசினியில நிண்டு படலைக்குக் கேக்கிற மாதிரி கூப்பிடுங்கோ, கோவத்திலயும் கூப்பிடுங்கோ, தகப்பன்ர பேரோட சேத்தும் சொல்லுங்கோ, ஏனெண்டா வெளிநாட்டுக்குப் போனா அது தான் குடும்பப் பேரா நிக்கும். அம்மம்மாவை ஒருக்கா சொல்லச் சொல்லுங்கோ, அவவின்ர வாயில வராத பேர் அந்த வீட்டில நிக்காது.

எல்லாற்ற வீட்டிலயும் ஆரோ ஒராள் வெளியில இருக்கினம், அதால இதையும் யோசியுங்கோ. ஜேர்மனியிலயும் நோர்வேயிலயும் ஜே எழுத்தை ய எண்டு தான் வாசிப்பினம், ஜனனி அங்க யனனி. பிரான்சில ஹ சத்தம் வராது, ஹரிணி அரிணி ஆயிடுவா. சிங்களத்தில ழ இல்லை. யாழினியை நாங்கள் இங்கிலீஷில எல் போட்டு எழுதுறம், இந்தியாவில இசட் எச், எது எண்டு ரெண்டு பேரும் முதலே ஒரு முடிவுக்கு வாங்கோ. எண் பாக்கிறவை இங்கிலீஷில எழுத்துக் கூட்டுவினம், கூட்டட்டும், தமிழ் எழுத்தில மட்டும் கை வைக்க விடாதேங்கோ.

வேண்டாம் எண்டு சொல்லுற உரிமை தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் தான். பெரியாக்கள் பேர் தரலாம், தள்ள ஏலாது. முடிவு வாற வரைக்கும் குடும்பக் குறூப்பில ஒரு பேரையும் போடாதேங்கோ, நாங்கள் போட்டு கனடாவில இருந்து ஒரே நாளில முப்பது பேர்கள் எழுதி வந்தது.

பதியப் போகேக்க பேரைத் தமிழிலயும் இங்கிலீஷிலயும் பெரிய எழுத்தில தாளில எழுதிக்கொண்டு போங்கோ, வாயால சொல்லாதேங்கோ. கையெழுத்து வைக்க முதல் ரெண்டு பேரும் எழுத்தெழுத்தா வாசியுங்கோ, ன, ண, ல, ள, ஷ எல்லாம். எங்கட சொந்தத்தில ஒரு பிள்ளைக்கு ஒரு எழுத்து மாறிப் பதிஞ்சு, ஐடென்டிகார்ட் எடுக்கப் போகேக்க தான் கண்டவை, பிறகு கந்தோருக்கும் வீட்டுக்குமா எத்தினை நாள் அலைஞ்சவை.

31ம் நாள் காதில பேர் சொல்லேக்க, யாற்ற பேர் விடுபட்டுப் போச்சோ அவரை முதல்ல சொல்லச் சொல்லுங்கோ. எங்கட வீட்டில இவர் தான் குனிஞ்சு சொன்னவர், மூண்டு தரம், மூண்டாம் தரம் பிள்ளை கண்ணைத் திறந்தது.