ஜாஸ் கலைஞரைப் பேட்டி எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

1966 ஆகஸ்டில் ஃப்ராங்க் கோஃப்ஸ்கி என்ற எழுத்தாளர், சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைச் சந்திக்க நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுக்குப் போனார். கோல்ட்ரேனே ரயில் நிலையத்துக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டார். பேட்டி காருக்குள் நடந்தது. கோல்ட்ரேனின் ஆயுளில் அப்போது ஓராண்டுகூட மீதமில்லை. கிடைத்தற்கரிய வாய்ப்பு அது. ஆனால் கோஃப்ஸ்கி ஒரு முடிவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். புதிய ஜாஸ் என்பது கறுப்பின விடுதலை அரசியலின் குரல் என்று கோல்ட்ரேன் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மால்கம் எக்ஸைப் பற்றிக் கேட்டார், வியட்நாமைப் பற்றிக் கேட்டார், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தார்.

கோல்ட்ரேன் எதையும் மறைக்கவில்லை. மால்கம் எக்ஸின் பேச்சைக் கேட்டதாகவும், அது மனத்தைத் தொட்டதாகவும் சொன்னார். போர் எதுவானாலும் பிடிக்காது என்றார். ஆனால் இசை மனித அனுபவம் முழுவதையும் சொல்வது என்ற இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை. அதே பேட்டியில் தன் மவுத்பீஸில், அதாவது சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் பகுதியில், ஏற்பட்ட கோளாறைப் பற்றியும் பேசினார். நினைத்த வேகத்தில் வாசிக்க முடியாமல் போனதும், அந்தக் காலத்தில் மெதுவான பாடல்களைப் பதிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் அப்படித்தான் வெளியே வந்தன. ஒரு கலைஞனின் படைப்பு வாழ்க்கையை அறிய விரும்புகிறவருக்கு இது பொக்கிஷம். விரலிடுக்கு அளவுள்ள ஒரு கருவி, அவன் எந்தப் பாட்டை எடுக்கிறான் என்பதையே மாற்றிவிட்டது.

பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒப்புதல் வாங்கப் போவதுதான் இந்தத் துறையின் முதல் தவறு என்பேன். மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, இசைக்கலைஞரிடம் அரசியல் பேசக்கூடாது போலிருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. 1957 செப்டம்பரில் வடக்கு டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊருக்கு லூயி ஆர்ம்ஸ்ட்ராங் கச்சேரிக்கு வந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் பகுதிநேரம் வேலை பார்த்த லாரி லூபனோ என்ற 21 வயது மாணவர் அவரைச் சந்திக்கப் போனார். அரசியல் பேசாதே என்பது ஆசிரியரின் உத்தரவு. அறைக்கு உணவு கொண்டுபோன ஊழியரோடு சேர்ந்து உள்ளே நுழைந்தவர், லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க உத்தரவிட்ட நீதிபதி இதே ஊர்க்காரர் என்ற பேச்சை எடுத்தார். அவ்வளவுதான். அதுவரை அரசியல் பேசாதவர் என்று பெயரெடுத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங், அதிபர் ஐசன்ஹோவர் வரை ஒருவரையும் விடாமல் பொரிந்து தள்ளிவிட்டார்.

செய்தி நிறுவனம் நம்ப மறுத்தது. லூபனோ எழுதியதை எடுத்துக்கொண்டு மறுநாள் ஆர்ம்ஸ்ட்ராங்கிடமே போனார். ஒரு வார்த்தையும் நீக்க வேண்டாம் என்று சொல்லி, தாளின் அடியில் 'சாலிட்' (பிரமாதம்) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஆர்ம்ஸ்ட்ராங். லூபனோ கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கோஃப்ஸ்கி கோல்ட்ரேனின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தார். இருவரும் தொட்டது ஏறக்குறைய ஒரே பொருள்தான். லூபனோ தான் எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாரே, அதையும் கவனியுங்கள். சர்ச்சைக்குரிய பகுதி இருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வாத்தியம் இல்லாத அறையில் உட்காராதீர்கள்

1938இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பியானோ முன் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். மார்ட்டன் பேசிக்கொண்டே கைகளை ஓடவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்தைச் சொல்லும்போது அந்த இசையே வந்தது. இன்னார் இப்படி வாசிப்பார் என்று சொன்ன வாயை விரல்கள் முந்திக்கொண்டன. ஜாஸை 1902இல் கண்டுபிடித்தது தானே என்று அவர் அடித்த தம்பட்டத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் வாசித்துக் காட்டியதைப் புறக்கணிக்க முடியாது.

இதே வித்தையைப் பிற்காலத்தில் வானொலியில் செய்தவர் மரியன் மெக்பார்ட்லண்ட். தானே பியானோக் கலைஞரான அவர், விருந்தினருக்கு ஒரு பியானோ, தனக்கு ஒரு பியானோ என்று போட்டுக்கொண்டு உரையாடினார். 1978இல் விருந்தினராக வந்த பியானோக் கலைஞர் பில் எவன்ஸ், தன் வாசிப்பில் சொற்கட்டுகள் தாளத்தை விட்டு எப்படித் தள்ளித் தள்ளி விழுகின்றன என்பதை வாசித்தே காட்டினார். அரை மணி நேர விளக்கவுரையால் ஆகாததைச் சில ஆவர்த்தனங்கள் செய்துவிடும். ஹோட்டல் வரவேற்பறையில்தான் சந்திப்பு என்றால், கலைஞரின் ஒலிப்பதிவு ஒன்றையாவது கையோடு கொண்டுபோங்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள். இரண்டாம் நிமிடத்தில் டிரம்ஸ் நின்றதே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்.

சோற்றுக் கவலையைக் கேட்கத் தயங்க வேண்டாம்

உத்வேகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். அதற்கு எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான். செசில் டெய்லர் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் படித்தவர், பியானோவின் போக்கையே மாற்றியவர், வயிற்றுப்பாட்டுக்குப் பாத்திரம் கழுவியவர். இது ஏ. பி. ஸ்பெல்மன் அவரிடமும் இன்னும் மூவரிடமும் பேசி 1966இல் வெளியிட்ட புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. பியானோக் கலைஞனுக்கு இன்னொரு துயரமும் உண்டு. தன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாசிக்கப் போகும் இசை விடுதியில் இருக்கும் ஓட்டைப் பியானோவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பியானோவில் எந்தக் கட்டை வேலை செய்யவில்லை, அதைச் சமாளிக்க என்ன செய்தார் என்று கேட்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

டிரம்ஸ் கலைஞர் ஆர்தர் டெய்லர் 1968 முதல் 1972 வரை சக கலைஞர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ப் பேசினார். மைல்ஸ் டேவிஸ், மாக்ஸ் ரோச், நீனா சிமோன், ஆர்னெட் கோல்மன் என்று பட்டியல் நீளும். என்ன சாப்பிடுகிறாய், உடற்பயிற்சி உண்டா, கடவுள் நம்பிக்கை உண்டா, போதைப் பழக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய், பியானோ மேதை பட் பவலை உனக்குத் தெரியுமா என்று பலரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டார். விமர்சகர்களிடம் வாய் திறக்காதவர்கள் அவரிடம் மனம் விட்டுப் பேசினார்கள். கூட மேடையேறியவர் கேட்கிறார் என்ற நம்பிக்கைதான் காரணம். நமக்கு அந்த உரிமை பிறவியிலேயே கிடைக்காது. ஆனால் நாம் பேட்டி எடுக்கப் போகும் கலைஞரின் இசைத்தட்டுகளை உட்கார்ந்து கேட்டு, கூட வாசித்தவர்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் அதில் ஒரு பங்காவது கிடைக்கும்.

தமிழர்கள் அதிகம் செய்யும் தவறு

ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். இயற்பியலும் கணிதமும் படித்தவர். இது போதும், அவர் இசையைக் கணக்கு என்பதற்கும், கர்நாடக லயம் என்பதற்கும் ஆளுக்கு ஆள் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று வயதில் தொடங்கி பல ஆண்டுகள் மேற்கத்திய வயலின் கற்றவர் அவர். பியானோவைப் பெரும்பாலும் தானே கேட்டுக் கேட்டுப் பழகினார். பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கைத் தன் பெரிய ஆதர்சமாகச் சொல்பவர். ஆசான் இல்லாமல் பழகிய கை எங்கே தடுமாறியது, எங்கே தனக்கென்று வழி கண்டது? அங்கிருந்து தொடங்கினால் தமிழும் தாளமும் தேவையான இடத்தில் தாமாகவே வரும். முதல் கேள்வியிலேயே 'நம்மவர்' என்று தோளில் கை போடுவது அன்பாக இருக்கலாம். ஆனால் மேற்கொண்டு பேச ஒன்றும் மிஞ்சாது.

ஆலிஸ் கோல்ட்ரேன் விஷயத்தில் இது இன்னும் வருத்தம் தருகிறது. கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் அவருடைய குரு. 1971இல் வந்த ஆல்பத்துக்குக் குருவின் பெயரையே வைத்தார். பெருமைப்படத் தக்க தொடர்புதான். ஆனால் 'ஜானின் மனைவி' என்று ஒரு பக்கமும், 'நம் சாமியாரின் சீடர்' என்று மறுபக்கமும் வைத்துப் பேசினால், டெட்ராய்ட்டில் பியானோ வாசித்து வளர்ந்து பாரிஸில் பட் பவலிடம் பயின்ற அந்தக் கலைஞர் எங்கே போனார்? கணவர் வாங்கச் சொல்லியிருந்த ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியம், அவர் இறந்த பிறகே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் புதிய வாத்தியத்தில் பியானோக் கைகள் என்னவெல்லாம் மாற வேண்டியிருந்தது என்பதல்லவா கேட்க வேண்டியது?

பரிசோதனை இசை என்றால்

இது இசையா என்று கேட்காதீர்கள். அறுபது எழுபது ஆண்டுகளாக இதையே கேட்கிறார்கள். பாலின் ஒலிவெரோஸ் 1988இல் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் 14 அடி ஆழத்தில் இருந்த காலி நீர்த்தொட்டிக்குள் இறங்கினார். உடன் ட்ராம்போன் கலைஞர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும், பாடகர் பனையோட்டிஸும். உள்ளே எழுப்பும் ஒலி அடங்க 45 வினாடி ஆகும். அப்படியானால் அடுத்த சுரத்தை எப்போது தொடுவது? பக்கத்தில் நிற்பவர் வாசித்தது எது, சுவர் திருப்பித் தந்தது எது என்று எப்படிப் பிரித்தறிவது? இப்படிக் கேட்டால் தத்துவமும் கூடவே வந்துவிடும்.

வெட்டி ஒட்டும்போது

1962இல் டவுன்பீட் இதழுக்காக டான் டிமைக்கேல், ஜான் கோல்ட்ரேனையும் அவரோடு வாசித்த எரிக் டால்ஃபியையும் சந்தித்தார். இவர்கள் வாசிப்பது ஜாஸுக்கே எதிரானது என்று அதே இதழில் ஒரு விமர்சகர் தாக்கியிருந்த நேரம். நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது வினாடி மௌனம். இடையில் டால்ஃபி மட்டும், நல்ல கேள்வி என்றார். டிமைக்கேல் அந்த மௌனத்தை அப்படியே அச்சில் ஏற்றினார். அவர் இடையில் புகுந்து உதவியிருந்தால், கலிஃபோர்னியாவில் சாதகம் செய்யும்போது பறவைகள் கூடவே கூவும், கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவற்றோடு வாசிப்பேன் என்று டால்ஃபி பிறகு சொன்னது நமக்குக் கிடைத்திருக்குமா? இந்த ஒரு காரியத்துக்காகவே டிமைக்கேலைக் கும்பிடுவேன்.

பேச்சைச் செம்மையாக்குகிறேன் என்று தயக்கத்தையும், பாதியில் விட்ட வாக்கியத்தையும், சிரிப்பையும் துடைத்துவிடாதீர்கள். இடத்துக்காகச் சுருக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. மூல ஒலிப்பதிவை மட்டும் அழிக்காமல் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். மார்ட்டன் 1938இல் பேசியதும் வாசித்ததும் முழுத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தது 2005இல்தான். இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர், பாட்டு மட்டும் போதும், பேச்சு எதற்கு என்று நினைத்திருந்தால் அந்த ஊர்வலக் கதை நமக்கு இல்லை.