என்.எஃப்.எல் கிக்-ஆஃப்: பந்து முதலில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லின் இறுதி ஆட்டம் சூப்பர் பவுல். 2024 பிப்ரவரியில் நடந்த அந்த ஆட்டத்தின் 13 கிக்-ஆஃப்களும் (ஆட்டத்தைத் தொடங்க எதிரணிக்குப் பந்தை உதைப்பது) டச்பேக்காகவே, அதாவது பந்தைப் பெறும் அணி ஓடாமலேயே ஒரு குறிப்பிட்ட கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவதாகவே முடிந்தன; ஒருவர்கூடப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அந்த நிலையை மாற்றவும், இரு அணியினரும் நெடுந்தூரம் ஓடிவந்து மோதுவதால் ஏற்படும் காயங்களைக் குறைக்கவும் அதே ஆண்டில் புதிய முறை வந்தது. பழைய முறைக்குப் பழகிய எனக்கு இது பிடிபட ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது. 2025 பருவத்தின் விதிகளைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளில் பந்தைப் பெறும் அணியின் பாதியை வரைந்து, 40, 35, 30, 20 யார்டு கோடுகளையும் கோல் கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே செல்வதால் கோடுகள் கண்ணில் படுவதில்லை. ஆகவே திரையில் வரும் வரைபடங்களைவிட இந்தத் தாளையே நான் நம்புகிறேன்.

அடுத்து ஆட்களை நிறுத்துங்கள். உதைப்பவர் தம் அணியின் 35 யார்டு கோட்டில் தனியாக நிற்பார். அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்பார்கள். அவர்களுக்கு ஐந்து யார்டு எதிரே, 35 கோட்டுக்கும் 30 கோட்டுக்கும் இடையில், பந்தைப் பெறும் அணியினர் குறைந்தது ஒன்பது பேர் இருக்க வேண்டும். பந்தைப் பிடித்து ஓட அதிகபட்சம் இருவர் பின்னால் நிற்கலாம். பந்து தரையையோ பின்னால் நிற்பவரையோ தொடும்வரை முன்வரிசையினர் யாரும் நகரக் கூடாது. நகர்ந்தால் 5 யார்டு பெனால்டி. அதுவரை உதைத்தவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். கோல் கோட்டுக்கும் 20 யார்டு கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே லேண்டிங் ஸோன். பந்து அங்கே விழுந்தால் அதை எடுத்து ஆடியே ஆக வேண்டும். ஆனால் அங்கே விழுந்த பந்து உருண்டு, கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியான எண்ட் ஸோனுக்குள் சென்று அங்கேயே அடங்கிவிட்டால், ஆட்டம் 20 யார்டு கோட்டில் தொடங்கும். அதே பந்து வான்வழியே நேராக எண்ட் ஸோனை அடைந்து அங்கே அடங்கினால் 35 யார்டு கோட்டில் தொடங்கும். இரண்டுமே டச்பேக், இரண்டிலும் பந்து கிடப்பது ஒரே இடம். முடிவோ 15 யார்டு வேறுபடுகிறது. பந்து எங்கே நின்றது என்று பார்த்ததே என் பிழை. முதலில் எங்கே தொட்டது என்பதையே பார்க்க வேண்டும். 2024இல் இந்த 35 என்பது 30ஆக இருந்தது. அந்த ஐந்து யார்டு மாற்றமே, எண்ட் ஸோனுக்குள் உதைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் வழக்கத்தை உடைத்தது என்பது என் உறுதியான கருத்து.

பந்து லேண்டிங் ஸோனை எட்டாமல் முன்னதாகவே விழுந்தாலும், யாரும் தொடாமல் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறினாலும், எதிரணிக்கு அதன் 40 யார்டு கோட்டில் பந்து கிடைக்கும்.

பின்சேர்க்கை: உதைக்கும் அணியே பந்தை மீண்டும் கைப்பற்ற முயலும் குறுகிய உதையான ஆன்சைட் கிக்கிற்கும் இதே முறைதானா என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். இல்லை. புள்ளிகளில் பின்தங்கியிருக்கும் அணி நடுவரிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அதை உதைக்க முடியும். 2024இல் கடைசிக் காற்பகுதியில் மட்டுமே அதற்கு அனுமதி இருந்தது. 2025இல் அந்தக் காலவரம்பு நீக்கப்பட்டது.