பிள்ளையை ஒருவன் ஆன்லைனில் மிரட்டினால்: வீடும் தெருவும் செய்யக் கூடாதவை

யாரோ ஒருவன் இன்ஸ்டாகிராமில் பழகி, பிள்ளையின் அந்தரங்கப் போட்டோ வாங்கி, இப்போது மிரட்டுகிறான் என்று தெரிந்ததும் நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்: பிள்ளைக்கு அடி, போன் பறிமுதல், ஆத்திரத்தில் எல்லா மெசேஜும் டெலிட். மூன்றுமே அவனுக்குத்தான் சாதகம். "வீட்டில் சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்கள்" என்று சொல்லித்தான் அவன் பிள்ளையின் வாயை அடைத்து வைத்திருக்கிறான், அதை நாமே உண்மையாக்கிவிடுகிறோம்.

எதையும் அழிக்காதீர்கள். பிளாக் செய்வதற்கு முன்னால் மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவன் வைத்திருக்கும் பெயர் மட்டும் போதாது, அதை நொடியில் மாற்றிவிடுவான். புரொஃபைலைத் திறந்து யூசர் ஐடி, லிங்க், போன் நம்பர், பணம் கேட்டிருந்தால் யுபிஐ ஐடி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். ஏற்கெனவே பணம் அனுப்பியாயிற்றா, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளையின் படம் மட்டும் அந்தப் போனைவிட்டு வேறெங்கும் போகக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்து ஜனங்கள் செய்கிற பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. "இவனைப் பிடிக்கும்வரை ஷேர் பண்ணுங்க" என்று அந்தப் படத்தையே தெரு குரூப்பில் போடுகிறார்கள். அவன் செய்வதாக மிரட்டியதை நாமே செய்து முடித்ததாகிவிடும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின் கீழ் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகளின் ஆபாசப் படத்தை டவுன்லோட் செய்து தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் ஆதாரம் கையில் இருக்கிறதே என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே புகார் கொடுங்கள்.

சந்தேகப்படும் ஆளின் போட்டோவைப் பரப்புவதும் வேண்டாம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைக் கூட்டம் அடித்தே கொன்றது. அவர் கோயிலுக்கு வந்தவர்.

அப்புறம் இந்த "நம்ம பையன்தான், பேசித் தீர்த்துக்கலாம்" பஞ்சாயத்து. மிரட்டுகிறவன் எப்போதும் எங்கோ தூரத்தில் இருப்பவன் இல்லை, டியூஷன் அண்ணனாகவோ சொந்தக்காரனாகவோ இருக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், இங்கே சமாதானமாகிப் போனவன் அடுத்த தெருவில் இன்னொரு பிள்ளைக்கு மெசேஜ் அனுப்புவான், அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

"பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கணுமே" என்ற பயத்திலேயே பல பேர் பின்வாங்குகிறார்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம், கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. இவை போக்சோ 24-வது பிரிவிலேயே இருக்கின்றன, தைரியமாகக் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். குழந்தைகளின் ஆபாசப் படம் எங்காவது சுற்றுவதைப் பார்த்தால், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் உங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் பதியலாம்.