வெயில் படாத தோட்டத்தில் பெரணி வளர்க்கலாம், வாங்க

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலர் பின்பக்கத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான்: "வெயிலே படாது, ஒண்ணும் வளராது." எங்கள் தோட்டமும் வடக்குப் பார்த்தது. அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை வீட்டை ஒட்டிய தரையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. புல் விதைத்தேன், பாசி படர்ந்தது. ரோஜா வைத்தேன், வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து பூக்காமல் நின்றது. அப்புறம்தான் பெரணி, அதாவது ஃபெர்ன், வாங்கி வைத்தேன். இப்போது ஜனவரியில் சமையலறை ஜன்னலைத் திறந்தாலும் கண்ணுக்குப் பச்சை தெரிகிறது.

எந்தப் பெரணி?

கடையில் வெறுமனே பெரணி என்று கேட்டால் வீட்டுக்குள் வைக்கும் பாஸ்டன் ஃபெர்னையும் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியே வைத்தால் உறைபனியில் கருகிவிடும். அதனால் சீட்டில் 'ஹார்டி' (குளிர் தாங்கும்), 'எவர்கிரீன்' (வருடம் முழுக்கப் பச்சை) என்ற இரண்டு சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. லேடி ஃபெர்ன் எந்தக் குளிரையும் தாங்கும், ஆனால் குளிர்காலத்தில் இலையெல்லாம் பழுத்து விழுந்து வெறும் தரைதான் மிஞ்சும்.

முதல் செடியாக நான் சொல்வது ஹார்ட்ஸ் டங்க். மான் நாக்கு என்று பொருள். மற்றப் பெரணிகளைப் போல இலை கிழிந்து கிழிந்து இருக்காது; வாழைக்கன்றின் இளம் இலைபோல முழுசாக, பளபளவென்று இருக்கும். நம் ஊர் நர்சரியில் பார்க்கும் பறவைக்கூடு பெரணியும் இதுவும் ஒரே பேரினம், அஸ்ப்ளீனியம். இது இந்த நாட்டிலேயே தானாக வளரும் செடி. சுண்ணாம்பு இதற்குப் பிடிக்கும். நம் ஊர்க் கிணற்றுச் சுவரின் இடுக்கில் பெரணி முளைத்திருக்குமே, அதேபோல இங்கே பழைய செங்கல் சுவர்களின் சுண்ணாம்புக் காரை இடுக்கில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, சாஃப்ட் ஷீல்டு ஃபெர்ன். ஒரு மீட்டர் உயரம்வரை வந்து, இறகுபோல விரிந்து இடத்தை நிரப்பும். நிறம் வேண்டுமென்றால் ட்ரையாப்டெரிஸ் எரித்ரோசோரா. ஜப்பான், சீனா பக்கத்துச் செடி. புது இலை செம்பு நிறத்தில் வந்து மெல்லப் பச்சையாக மாறும். தொடக்கத்துக்கு இந்த மூன்றும் போதும்.

மண்

லண்டன் களிமண் குளிர்காலத்தில் சேறாகும், கோடையில் வெடிக்கும். பெரணிக்கு வேண்டியது ஈரம். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மண்வெட்டி ஆழத்துக்குக் கிளறி, மக்கிய இலையை நிறையக் கலந்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் விழும் இலைகளைக் கறுப்புப் பையில் அடைத்து, நனைத்து, நாலைந்து ஓட்டை போட்டு ஒரு மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக மக்கிவிடும். அதுவரை பீட் கலக்காத கம்போஸ்ட் வாங்கிக்கொள்ளலாம். பீட் என்பது சதுப்பு நிலத்தை வெட்டி எடுப்பது. ஒரு செடி வைப்பதற்காக இன்னொரு இடத்தை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நடுவது

செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். தவறினால் ஏப்ரல். செடியைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி தோண்டுங்கள். ஆழம் மட்டும் தொட்டியின் உயரமே போதும்.

இங்கேதான் கவனம் வேண்டும். இலைகளெல்லாம் புறப்படும் நடுப்பகுதி, அதாவது குருத்து, மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். முதல் வருடம் நான் தக்காளி நாற்று வைக்கிற பழக்கத்தில் கொஞ்சம் ஆழமாக வைத்து மண்ணை அணைத்துவிட்டேன். குளிர்கால மழையில் குருத்து அழுகி, மார்ச்சில் தொட்டதும் இலைகள் கையோடு வந்தன. மூன்று செடி போயிற்று. தென்னங்கன்றின் குருத்தில் மண் விழாமல் பார்ப்பார்களே, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

ஹார்ட்ஸ் டங்குக்கு 45 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஷீல்டு ஃபெர்னுக்கு 75. நட்டதும் நிறையத் தண்ணீர் விட்டு, மக்கிய இலையால் 5 செ.மீ. மூடாக்கு போடுங்கள். மூடாக்கும் குருத்தின்மேல் ஏறக் கூடாது.

தண்ணீர்

முதல் கோடையைத் தாண்டவைத்துவிட்டால் அப்புறம் செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 'இங்கேதான் எப்போதும் மழை பெய்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். சுவரையும் வேலியையும் ஒட்டிய மண்ணில் மழை சரியாக விழுவதில்லை. மேலே ஈரம் தெரிந்தாலும் விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே தூசியாக இருக்கும். மழையில்லாத வாரங்களில் இரண்டு முறை, செடிக்கு அரை வாளி. பெரிய மரத்தடி இன்னும் சிரமம், ஈரத்தையெல்லாம் மரத்தின் வேரே குடித்துவிடும். அங்கே பாலிபோடியம் என்ற பெரணியை வையுங்கள், வறட்சி தாங்கும். உரம் பெரிதாக வேண்டாம், வருடா வருடம் போடும் மூடாக்கே போதும்.

இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளியா?

போன கோடையில் ஒரு தம்பி பதறிப்போய் அழைத்தார்: "அண்ணா, இலைக்கு அடியில பூச்சி முட்டை வெச்சிருக்கு, மருந்து அடிக்கட்டுமா?" படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், ஹார்ட்ஸ் டங்க். நடுநரம்பின் இருபக்கமும் சாய்வாக, கோடு போட்டதுபோலப் பழுப்பு வரிகள். பூச்சி இப்படி அளவெடுத்து முட்டை வைக்காது. பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது. விதைக்குப் பதிலாக இனத்தைப் பெருக்கும் தூள்போன்ற ஸ்போர் அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது. ஷீல்டு ஃபெர்னில் இதுவே வட்டப் புள்ளிகளாக இருக்கும். மருந்து வேண்டாம். செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெட்டுவது

பிப்ரவரி கடைசியில் குருத்தைக் குனிந்து பாருங்கள். பழுப்புச் செதில் மூடிய உருண்டைகள், சுருண்டு படுத்த மரவட்டையைப்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவை நிமிர்வதற்குள் நைந்துபோன பழைய இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். ஏப்ரலில் வெட்டப் போனால் கத்தரிக்கோலில் புதுச்சுருளும் சேர்ந்து மாட்டும். நல்ல நிலையில் இருக்கும் இலையை வெட்ட வேண்டாம்.

ஷீல்டு ஃபெர்ன் பிடித்துப்போனால், அதில் டிவிசிலோபம் என்ற வகையைத் தேடி வாங்குங்கள். இலையுதிர் காலத்தில் அதன் நடுத்தண்டு நெடுகக் குட்டிக் குட்டி முளைகள் அமர்ந்திருக்கும். அந்த இலையை வெட்டி, கம்போஸ்ட் நிரப்பிய தட்டில் படுக்கவைத்து, வளைத்த கம்பியால் குத்தி, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். சென்ற முறை நான் வைத்த ஒரே இலையிலிருந்து ஒன்பது கன்று வந்தது. நான்கை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன், மீதி ஐந்தும் ரோஜா இருந்த இடத்தில்.