பழைய மவுஸ், காலிங் பெல் ஸ்விட்ச்: சிறப்புக் குழந்தைகளுக்கான கணினிப் பொத்தான் செய்வது எப்படி?

பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகளால் மவுஸைப் பிடித்து நகர்த்த முடியாது. ஆனால் தலையை ஒரு பக்கம் சாய்க்க முடியும். முழங்காலால் ஒன்றைத் தட்ட முடியும். உள்ளங்கையை மேசைமேல் வைத்து அழுத்த முடியும். அந்த ஓர் அசைவு போதும், கணினியை இயக்கலாம். அதற்கென்றே பெரிய வண்ணப் பொத்தான்கள் விற்கிறார்கள். இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாயைத் தொடும். அதைக் கணினியோடு இணைக்கும் கருவிக்குத் தனி விலை. பொத்தானுக்குள் இருப்பதோ அழுத்தினால் ஒன்றையொன்று தொடும் இரண்டு உலோகத் தகடுகள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இதில் கடினமான பகுதி தகடுகள் தொட்டதைக் கணினிக்குப் புரியவைப்பதுதான். வீட்டில் கிடக்கும் பழைய மவுஸ் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. தனி மென்பொருள் எதுவும் கேட்காது. எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும். 2007-இல் ஜானி சங் லீ என்ற ஆய்வு மாணவர் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டில் இருந்த அகச்சிவப்புக் கேமராவைக் கொண்டு, மலிவான மின்னணுக் கரும்பலகை ஒன்றைச் செய்து காட்டினார். லட்சக்கணக்கில் தயாராவதால் விலை குறைந்த ஒரு பொருளின் உள்ளுறுப்பை வேறு வேலைக்குத் திருப்பிவிடும் அதே வழிதான் இங்கேயும்.

வாங்க வேண்டியவை

வயர் உள்ள ஒரு பழைய யுஎஸ்பி மவுஸ் (வயர்லெஸ் வேண்டாம்), 3.5 மி.மீ. மோனோ சாக்கெட் ஒன்று, அதில் பொருந்தும் மோனோ பிளக் ஒன்று, இரண்டு மீட்டர் மெல்லிய இரட்டை வயர், காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்று. இவற்றோடு 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் எலக்ட்ரிக்கல் கடையும் ரேடியோ உதிரிபாகக் கடையும் போதும்.

ஏன் காலிங் பெல் ஸ்விட்ச்? அழுத்தும்போது மட்டும் இணைந்து, கையை எடுத்ததும் விலகிவிடும். விளக்கு ஸ்விட்ச் அப்படியில்லை. போட்டால் போட்டபடியே நிற்கும், அது உதவாது. அளவும் அகலமாக இருக்கிறது, குழந்தை ஓங்கித் தட்டினாலும் தாங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தப் பொத்தானில் ஓடுவது மவுஸ் தரும் 5 வோல்ட் மட்டுமே. வீட்டு மின்சாரத்தில் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றிப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

மவுஸைத் திறப்பது

கணினியிலிருந்து மவுஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ தெரியாவிட்டால் ஸ்டிக்கருக்கு அடியிலோ வழுக்குப் பட்டைகளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். மேல்மூடியை எடுத்தால் இடது பொத்தானுக்கு நேர் கீழே சிறிய செவ்வகப் பெட்டி ஒன்று தெரியும், அதன் தலையில் கடுகளவு ஒரு குமிழ். அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மவுஸின் ‘க்ளிக்’ சத்தம் வருவது அங்கிருந்துதான்.

சர்க்யூட் போர்டைத் திருப்பினால் அந்தப் பெட்டியின் கால்கள் ஈயப் பொட்டுகளாகத் தெரியும். பெரும்பாலும் மூன்று இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு. மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் தரும் நிலையில் வைத்து இரண்டிரண்டு பொட்டுகளாகத் தொடுங்கள். குமிழை அழுத்தும்போது மட்டும் சத்தம் கேட்கும் ஜோடிதான் சரி. அழுத்தாதபோது ஒலித்து, அழுத்தியதும் நின்றுபோகும் ஜோடியைத் தொடவே வேண்டாம். இந்த ஓர் இடத்தில் ஊகம் கூடாது. மல்டிமீட்டர் இல்லையென்றால் டிவி பழுதுபார்க்கும் கடையில் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

இணைப்பது

அந்த இரண்டு பொட்டுகளிலும் ஒவ்வொரு வயரைப் பற்றவையுங்கள். வயர் முனையில் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டால் இரண்டு விநாடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அயர்னை வைத்திருந்தால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வயர்களின் மறுமுனையை 3.5 மி.மீ. சாக்கெட்டில் பற்றவைத்து, மவுஸின் பக்கவாட்டில் துளையிட்டுப் பொருத்துங்கள். பொத்தானை நேரடியாக மவுஸில் இணைக்காமல் சாக்கெட் எதற்கு என்று தோன்றலாம். ஊனமுற்றோருக்கான பொத்தான்கள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த அளவு பிளக்கோடுதான் வருகின்றன. ஊனமுற்றோர் வீடியோ கேம் விளையாடுவதற்காக மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரின் பின்புறத்தில் இதே 3.5 மி.மீ. துளைகள் 19 இருக்கின்றன. நாளை யாராவது நல்ல பொத்தான் ஒன்றை நன்கொடையாகத் தந்தால் அப்படியே செருகிக்கொள்ளலாம்.

காலிங் பெல் ஸ்விட்சின் இரண்டு முனைகளிலும் இரட்டை வயரை முறுக்கி, மறுமுனையில் பிளக்கைப் பற்றவையுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்குள் வயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். குழந்தை இழுத்தால் முடிச்சுதான் தாங்கும், இணைப்பு அறுந்துபோகாது. மவுஸை மூடும் முன் கணினியில் செருகி அழுத்திப் பாருங்கள். இடது க்ளிக் விழுந்தால் வேலை முடிந்தது. மவுஸின் பழைய பொத்தானும் எப்போதும்போல இயங்கும்.

அடியில் இருக்கும் ஒளித்துளையைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் மவுஸ் அசையும்போதெல்லாம் திரையில் அம்புக்குறி அலையும். அம்புக்குறியை நகர்த்த இன்னொரு சாதாரண மவுஸைச் செருகிக்கொள்ளலாம். விண்டோஸ் இரண்டு மவுஸையும் ஒரே நேரத்தில் ஏற்கும்: அம்மா அம்புக்குறியைக் கொண்டுபோய் வைக்க, குழந்தை அழுத்தும்.

எங்கே வைப்பது

அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். பொத்தான் செய்வது ஒரு மாலை நேர வேலை. அதை வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பல நாட்கள் ஆகலாம். குழந்தை களைத்திருக்கும்போதும் தன் விருப்பப்படி செய்யக்கூடிய அசைவு எது என்று கவனியுங்கள். வலது கையால்தான் அழுத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கையை நீட்ட முயலும்போது உடம்பே விறைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குக் கன்னத்தின் ஓரமோ முழங்காலின் பக்கவாட்டோ எளிதாக இருக்கும். இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இடம் முடிவானதும் பொத்தான் நகராதபடி வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். கை நடுங்கி இரண்டு மூன்று முறை அழுத்தம் விழுகிறதென்றால் சற்று விறைப்பான ஸ்விட்சாக மாற்றிப் பாருங்கள்.

முதலில் எதை இயக்குவது

பவர்பாயிண்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ். பக்கத்துக்கு ஒரு குடும்பப் படம் வைத்து, “இது தாத்தா”, “இது நம் பசு” என்று உங்கள் குரலைப் பதிவுசெய்து சேருங்கள். காட்சி ஓடும்போது ஒரு க்ளிக் அடுத்த பக்கத்தைக் கொண்டுவரும். தான் அழுத்தியதால்தான் தாத்தா வந்தார் என்று குழந்தைக்குப் புரியும்வரை வேறெதற்கும் போகாதீர்கள்.

எழுத்து தெரிந்த பிள்ளைக்கு விண்டோஸின் திரை விசைப்பலகை இருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸ்கேன் முறையைத் தேர்ந்து, மவுஸ் க்ளிக்கால் இயங்கும்படி வையுங்கள். வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது அழுத்தினால் அதற்குள் இருக்கும் எழுத்துகளுக்கு நகரும். வேகத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துத் தேர்ந்திருந்தால் இங்கும் தமிழ் எழுத்துகளே தோன்றும்.

இதே பொத்தானால் பேட்டரி பொம்மையையும் இயக்கலாம். சிறிய அட்டைத் துண்டின் இரு பக்கமும் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வயர் பற்றவைத்து, இன்னொரு 3.5 மி.மீ. சாக்கெட்டில் இணைத்து, அட்டையைப் பேட்டரிக்கும் அதைத் தொடும் உலோக முனைக்கும் நடுவே செருகுங்கள். பொம்மையின் சொந்த ஸ்விட்சை ‘ஆன்’ செய்தே வைக்க வேண்டும். தலையாட்டும் நாய், மேளம் தட்டும் குரங்கு போன்ற எளிய பொம்மைகளுக்கு இது பொருந்தும். ஒவ்வொரு முறை மின்சாரம் வந்த பிறகும் தன் பொத்தானைத் தனியாக அழுத்தச் சொல்லும் மின்னணுப் பொம்மைகளுக்குப் பொருந்தாது. வாங்குமுன் கடையிலேயே பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.